ஆராய்ச்சித் துறைகளும் நமது கிணறுகளும்



சென்ற மாதம் மன்றச் செயலாளர் என் வீட்டுக்கு வந்து, “மாஸ்ரர், ஆண்டு விழாவில் நீங்கள் பேசவேண்டும். பிள்ளைகள் உயர்தரத்துக்கு எந்தப் பிரிவை எடுப்பது என்று குழம்பி நிற்கிறார்கள். விஞ்ஞானமா, கலையா என்று சொன்னால் உதவியாயிருக்கும்” என்றார். பேச ஒப்புக்கொண்டேன். ஆனால் அந்தக் கேள்விக்கு அவர் கேட்டபடி விடை சொல்ல ஒப்புக்கொள்ளவில்லை. அதை இப்போதே சொல்லிவிடுவது நேர்மை.

நம்மூரில் ஒரு வழக்கம் உண்டு. “உங்கள் பிள்ளை என்ன படிக்கிறது?” என்று கேட்டால், மருத்துவம், பொறியியல் என்பவர்களுக்குக் குரல் உயர்ந்துவிடும். வரலாறு, தமிழ் என்பவர்கள் வேலியைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொல்வார்கள். நாற்பது வருடம் படிப்பித்தவன் நான். கெட்டிக்காரப் பிள்ளைகள் சிலர் விருப்பமில்லாத பாடத்தில் மூன்று முறை பரீட்சை எழுதி முகம் வாடிப்போனதைக் கண்டிருக்கிறேன். அந்த வாட்டத்தில் என் பங்கும் இருக்கிறது. நானும் அவர்களை அப்படித் தள்ளினவர்களில் ஒருவன்தான்.

அறிவை இரண்டு கொட்டிலில் கட்டி, ஒன்றுக்குப் புல்லும் மற்றதற்கு வைக்கோலும் போடுகிறோம். ஆராய்ச்சி என்ற வேலை அப்படி நடப்பதில்லை என்பதை ஒரு துறவியாரின் வாழ்க்கையிலிருந்து காட்டலாம் என்று நினைக்கிறேன்.

சுவாமி விபுலாநந்தரை இந்தச் சபைக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. 1892ஆம் ஆண்டு காரைதீவில் பிறந்தவர். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பரீட்சையில் தேறினார் என்பது பலருக்குத் தெரியும். அதே காலத்தில் விஞ்ஞானத்திலும் டிப்ளோமா பெற்றார், யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான ஆசிரியராக இருந்தார், 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரியானார் என்பதை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. பின்னாளில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவரும் அவர்தான்.

அவருடைய பெருநூல் யாழ் நூல். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் யாழாசிரியனைப் பற்றி வருகின்ற சில அடிகளை எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு மெய்யான பொருள் என்ன என்று தேடப் புறப்பட்டதில் விளைந்தது அது. பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்று பெயர்கள் ஏட்டில் இருந்தன. கருவி ஒன்றும் கையில் இல்லை. நிகண்டைப் புரட்டினால் சொல்லுக்குச் சொல் கிடைக்கும். நரம்பின் நீளம் கிடைக்குமா? அங்கேதான் அவர் படித்த பௌதிகமும் கணிதமும் முன்னே வந்தன.

இதைச் சற்று விளக்கமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இதில் அழகு இருக்கிறது. ஒரு நரம்பை மூன்றில் இரண்டு பங்கு நீளத்தில் அழுத்தி மீட்டினால் பஞ்சம சுரம் ஒலிக்கும். பழந்தமிழர் அதை இளி என்றனர். அந்த இளியைத் தொடக்கமாகக் கொண்டு அதற்கு இளி, அதற்கும் இளி என்று பன்னிரண்டு தரம் ஏறிப்போனால், ஏழு தானம் கடந்து தொடங்கிய சுரத்துக்கே வந்து சேர்ந்ததுபோலத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றரையைப் பன்னிரண்டு தரம் பெருக்கினால் ஏறத்தாழ 129.75 வரும். இரண்டை ஏழு தரம் பெருக்கினால் 128. காதுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். கணக்கில் சிறிய மீதி நிற்கிறது. இந்தச் சிறு மீதியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதில் உலகத்து இசை நூலார் எல்லாரும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். இப்படிப்பட்ட கணக்கு அறியாமல் பாலை, பண் என்ற சொற்களுக்கு உரை எழுதுகிறவர் சொல்லுக்குச் சொல் வைத்துவிட்டுப் போகவேண்டியதுதான். கணக்கு மட்டும் அறிந்தவருக்கோ அரங்கேற்று காதையும் அடியார்க்குநல்லார் உரையும் வாயிற்கதவைத் திறக்கமாட்டா. இரண்டையும் அறிந்த ஒருவர் பல ஆண்டு உழைத்தார். நூல் 1947ஆம் ஆண்டு ஆனி மாதமளவில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே சுவாமிகள் மறைந்தார். அவர் விஞ்ஞானப் பிரிவா, கலைப் பிரிவா? செயலாளர் அவர்கள்தான் சொல்லவேண்டும்.

அவ்வளவு தூரம் போகவேண்டாம், நம் வடமராட்சிக்கே வருவோம். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் கற்ற சீ. ஜே. எலியேசர் கேம்பிறிட்ஜ் சென்று, டிராக் என்ற பேரறிஞரிடம் ஆராய்ச்சி செய்தார். அவருடைய பெயரால் ஒரு தேற்றம் வழங்குகிறது, 1943இல் வெளிவந்தது. கவரும் கருவை நோக்கி நேராக விழவேண்டிய ஓர் இலத்திரன், அக்காலத்துச் சமன்பாட்டின்படி பார்த்தால், விழாமல் திரும்பி ஓடிவிடும் என்று அவர் காட்டினார். இயற்கை அப்படி நடக்கிறது என்பதல்ல அவர் கருத்து. சமன்பாட்டில் எங்கோ குறை இருக்கிறது என்பதை அந்த விடை காட்டிக்கொடுத்தது. பிழையான விடை வருகிற இடத்தைக் கண்டுபிடிப்பதும் ஆராய்ச்சிதான். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இதைக் கவனிக்கவேண்டும்.

அதே பருத்தித்துறைக்குப் பக்கத்தில் புலோலியில் 1903இல் பிறந்தவர் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை. இலண்டனில் அவர் கலாநிதிப் பட்டத்துக்கு எடுத்த பொருள், ஏழாம் எட்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுக்களின் மொழி. கல்லில் வெட்டிய பழந்தமிழை எழுத்தெழுத்தாய் ஆராய்ந்த அம்மனிதர், ஊருக்கு வந்து நாடகம் எழுதியபோது நம் வீட்டுப் பெண்கள் கிணற்றடியில் பேசுகிற பேச்சை அப்படியே எழுதினார். அக்காலத்துப் பண்டிதர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் மொழி எப்படி மாறுகிறது என்பதைக் கல்வெட்டில் கண்டவருக்கு, உயிரோடிருக்கும் பேச்சில் மதிப்பு ஏற்படாமல் எப்படி இருக்கும்?

நம்மூர்ப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பியைச் சொல்லாமல் கரவெட்டியில் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசினால் என்னை வீட்டுக்குப் போகவிடமாட்டீர்கள். 1932இல் இவ்வூரில் பிறந்து விக்னேஸ்வராக் கல்லூரியில் கற்றவர், 2011இல் மறைந்தார். பழந்தமிழர் சமூகத்தில் நாடகம் என்ற பொருளில் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தார். அவருக்குச் சற்று முன்னே அதே இடத்தில் கைலாசபதி தமிழ் வீரயுகப் பாடல்களை ஆராய்ந்தார். அந்நூல் 1968இல் ஒக்ஸ்போர்ட்டில் அச்சாயிற்று. இருவருக்கும் வழிகாட்டியவர் ஜோர்ஜ் தொம்சன் என்ற கிரேக்க மொழிப் பேராசிரியர். தமிழ் ஆராய்ச்சிக்குக் கிரேக்க ஆசிரியர் ஏன் என்று கேட்கலாம். யூகோசிலாவியா நாட்டில் எழுத்தறியாத பாணர்கள் ஆயிரக்கணக்கான அடிகளை வாயாலே பாடுவதை மில்மன் பரி என்ற அமெரிக்கர் 1930களில் இசைத்தட்டில் பதிவுசெய்தார். ஓமரின் காவியங்கள் உண்டான வகையை அதிலிருந்து விளக்கினார். அந்த ஒளியைப் புறநானூற்றின்மேல் பாய்ச்சிப் பார்த்தவர் கைலாசபதி. அவர் முடிவுகள் எல்லாவற்றையும் எல்லாரும் ஏற்கவில்லை. எனக்கும் சிலவற்றில் ஐயம் உண்டு. ஆனால் அவருக்குப் பின்னே வந்த எவரும் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை.

பேராசிரியர்களைப் பற்றிப் போதும். இப்போது நம் கிணற்றுக்கு வருகிறேன்.

நம் குடாநாட்டில் ஆறு கிடையாது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கிற மாரியே நமது சேமிப்பு. அது சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புக்களூடே இறங்கி, கீழே கடலிலிருந்து ஊறி நிற்கும் உவர்நீரின்மேல் மிதக்கிறது. நன்னீர் இலேசானது, உவர்நீர் கனமானது. இந்தக் கன வித்தியாசத்தைக் கணக்கிட்டால், கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே சுமார் நாற்பதடி நிற்கும் என்று வரும். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னரே ஐரோப்பாவில் கண்ட கணக்கு இது. இதன் மறுபக்கத்தை யோசியுங்கள். இறைத்து இறைத்து மேலே ஓரடி குறைத்தால், காலப்போக்கில் கீழேயிருந்து உவர் நாற்பதடி ஏறிவரும். துலாவிலே மிதித்து இறைத்த காலத்தில் மனிதனின் காலே ஒரு கட்டுப்பாடாக இருந்தது. இயந்திரத்துக்குக் கால் நோகாது. தொண்டைமானாற்றில் கடல்நீர் உள்ளே வராமல் கதவு போட்டார்கள் அல்லவா, அதுவும் இந்த நோய்க்குத் தேடிய மருந்துகளில் ஒன்றுதான்.

இன்னொரு நோயும் உண்டு. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் நாம் அள்ளிப் போடுகிற உரத்தின் மீதி நைத்திரேற்றாகக் கிணற்றில் இறங்குகிறது. ஒரு லீற்றரில் ஐம்பது மில்லிகிராமுக்கு மேல் அது குடிநீரில் இருத்தல் ஆகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. குடாநாட்டுத் தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் அந்த அளவு மீறியிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பால்மாவைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தைகளுக்கே இதனால் முதலில் ஆபத்து. இந்தச் சபையில் குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய்மாரைப் பார்த்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

இது இரசாயனக்காரரின் வேலை, புவியியலாரின் வேலை, வைத்தியரின் வேலை என்பீர்கள். உண்மை. ஆனால் ஓர் உறுதியை எடுத்து வாசித்துப் பாருங்கள். இன்ன காணியும், கிணற்றில் இத்தனையில் ஒரு பங்கும், துலாவும், வாய்க்காலும், வழியும் என்று எழுதியிருக்கும். ஒரு கிணற்றில் எட்டுப் பேருக்குப் பங்கென்றால், இறைப்பைக் குறைக்கச் சொல்வது யாருக்கு? அங்கே தேசவழமை அறிந்த ஒருவர் வேண்டும். ஒல்லாந்தர் அதை 1707இல் எழுத்தில் தொகுத்ததற்கு முன்னும் பின்னும் வழக்கம் எப்படி இருந்தது என்று சொல்ல வரலாற்றாசிரியர் வேண்டும். எந்தக் காணிக்கு எந்தக் காலத்தில் நன்னீர் இருந்தது என்பதைப் பழைய தோம்பும் உறுதியும் காணிப் பெயரும் சொல்லக்கூடும். ‘உவர்’ என்று முடிகிற பெயருள்ள நிலம் ஏன் அப்பெயர் பெற்றது என்று மொழியறிந்தவர் கேட்பார். வெங்காயத்தின் விலை விழாமலிருக்க என்ன செய்யலாம் என்று பொருளியலார் சொல்லாதவரை, உரத்தைக் குறை என்ற உபதேசம் தோட்டக்காரனின் காதில் ஏறாது. ஒரு கிணற்றின் வாயிலே இத்தனை பேர் நிற்கிறார்கள்.

இனி ஒரு வெட்கமான கதையைச் சொல்லவேண்டியிருக்கிறது. என் அப்பு பரியாரியார். அவர் காலமான பின், அக்காவின் கலியாணத்துக்கு வீட்டுக்கு வெள்ளை அடித்தார்கள். பெட்டகத்தை ஒழிக்கும் வேலை எனக்கு. உள்ளே ஏழெட்டு ஏட்டுக்கட்டுக்கள் இருந்தன. செல்லரித்தவை பாதி, நல்லவை பாதி. எனக்குப் பதினாறு வயது; விஞ்ஞானம் படிக்கிற மிடுக்கு. பழைய குப்பை என்று பின்வளவில் நெல்லவிக்கிற அடுப்பில் வைத்தேன். ஓலை நன்றாக எரிந்தது.

இரண்டு வருடம் கழித்து வயோதிபர் ஒருவர் வெகு தூரம் நடந்து வந்தார். தம் தகப்பனார் எழுதிய கண்வைத்திய ஏடு ஒன்றைப் பிரதி பண்ணுவதற்காக அப்புவிடம் கொடுத்து வைத்ததாகவும், அதைத் திரும்பப் பெற வந்ததாகவும் சொன்னார். அம்மா என்னைப் பார்த்தா. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் தேநீர்கூடக் குடிக்காமல் எழுந்து போனார். அந்த ஏட்டில் பயனுள்ளது இருந்ததா, இல்லையா என்று இனி எந்த இரசாயனக்காரரும் சோதித்துச் சொல்ல முடியாது. சோதிப்பதற்குப் பொருள் வேண்டுமே.

சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரில் ஒருவர். பெரிய உத்தியோகங்கள் பார்த்தவர். அவர் தொட்டால் உதிர்கிற ஏடுகளைச் சேர்த்து வீரசோழியத்தையும் கலித்தொகையையும் அச்சில் ஏற்றாதிருந்தால் நமக்கு என்ன கிடைத்திருக்கும்? 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஏடுகளும் போயின. அந்தச் செய்தியைக் கேட்டு எல்லாரும் அழுதோம். நானும் அழுதேன். ஆனால் என் அழுகை மற்றவர்களுடையதைப் போல இருக்கவில்லை.

ஆகையால் செயலாளரிடம் இரண்டு காரியம் கேட்டிருக்கிறேன், அவர் ஒப்புக்கொண்டுவிட்டார். பெரியோர்கள் தங்கள் பெட்டகத்தையும் பரணையும் ஒருமுறை திறந்து பார்க்கவேண்டும். ஏடோ, பழைய உறுதியோ, கணக்குப் புத்தகமோ இருந்தால் எங்களுக்குத் தரவேண்டாம்; படம் எடுத்துக்கொள்ள விட்டாற் போதும். 2005ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் என்ற திட்டத்தார் இப்படிப்பட்டவற்றைக் கணினியில் சேமித்து வருகிறார்கள்.

மற்றது இளைஞர்களுக்கு. எந்தப் பிரிவு படிப்பவரானாலும் சரி, மன்றத்தில் இருபது பேர் சேர்ந்து இருபது கிணறுகளைத் தெரிந்தெடுத்து, பதினைந்து நாளைக்கு ஒருமுறை நீர்மட்டத்தையும் உவரையும் அளந்து கொப்பியில் எழுதவேண்டும். கிணற்றின் பெயர், பங்குகாரர், வெட்டிய காலம், முன்னே எப்படி இருந்தது என்று ஆச்சிமார் சொல்வது எல்லாம் அதே கொப்பியில் வரவேண்டும். உவர் அளக்கும் சிறு கருவி ஒன்றை நான் வாங்கி வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு என் வளவுக் கிணற்றடியில் தொடங்குவோம். கயிறும் அளவுநாடாவும் கொண்டு வருகிறவர்கள் கையை உயர்த்துங்கள்.