மெல்லிய கோடு மறையும் இடம்: போடோனி எழுத்துரு பற்றிய உரை



ஐபோனிலும், அழைப்பிதழ் செய்கிற பல செயலிகளிலும் 'போடோனி' என்று ஒரு ஆங்கில ஃபான்ட் இருக்கும். பார்த்தாலே பணக்காரக் களை. தடித்த கோடு நல்ல தடிப்பு, மெல்லிய கோடு தலைமுடி மாதிரி. எழுத்தின் நுனியில் வரும் செரிஃப் என்கிற சின்னக் காலும் தலைமுடி கனம்தான். வோக் பத்திரிகையின் தலைப்பில் இருக்கும் டிடோ எழுத்து இதற்குப் பாரிசில் பிறந்த சொந்தம்.

இதைச் செதுக்கிய ஜியாம்பத்திஸ்தா போடோனி இத்தாலிக்காரர். 1768-ல் பார்மா நகர ஆட்சியாளரின் அச்சகத்துக்குப் பொறுப்பேற்றார். வழவழப்பான காகிதம், நல்ல கறுப்பு மை, தாராளமான ஓரம், இதெல்லாம் கையில் இருந்ததால்தான் அவ்வளவு மெல்லிய கோட்டை அவரால் அச்சிட முடிந்தது. 1813-ல் அவர் இறந்த பிறகு, 1818-ல் அவர் மனைவி அந்த எழுத்துகளை இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டார். அதைப் புரட்டினால் ஒரு விஷயம் தெரியும்: ஒரே எழுத்தைப் பெருக்கியோ சுருக்கியோ அவர் பயன்படுத்தவில்லை. ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனியாகச் செதுக்கினார். சின்ன அளவில் மெல்லிய கோட்டுக்குக் கொஞ்சம் சதை வைத்தார்.

நம்ம ஃபோனில் நடப்பது வேறு. பெரிய தலைப்புக்காக வரைந்த வடிவத்தையே இரண்டு விரலால் சுருக்கி விலாசத்துக்கும் வைத்துவிடுகிறோம். அங்கேதான் சிக்கல்.

ஆங்கிலச் சின்ன எழுத்து 'இ'-யை எடுத்துக்கோங்க. நடுவில் போகும் குறுக்குக்கோடு போடோனியில் மிக மெல்லியது. ஒரு தடவை ஜெராக்ஸ் எடுத்து, அதை ஃபோனில் படம் பிடித்து, வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அந்தக் கோடு போயே போச்சு. மிஞ்சுவது 'சி'. மீனா என்று ஆங்கிலத்தில் எழுதினால் 'இ' இரண்டு அடுத்தடுத்து வரும். இரண்டும் 'சி' ஆகிவிட்டால் பார்த்து டைப் செய்கிறவர் என்ன செய்வார்? எழுத்தைத் தானாகப் படிக்கிற மென்பொருளும் தடுமாறலாம். பெயரில் ஒரு எழுத்து மாறினால் அதைத் திருத்த எத்தனை நடை நடக்கணும் என்று உங்களுக்கே தெரியும்.

1994-ல் வந்த ஐடிசி போடோனி இதற்கு ஒரு வழி செய்தது. ஆறு, பன்னிரண்டு, எழுபத்திரண்டு பாயின்ட் என மூன்று அளவுக்கு மூன்று வடிவம். ஐபோனில் 'போடோனி 72' என்ற பெயரைப் பார்த்தால், அது பெரிய எழுத்துக்கான வடிவம் என்று புரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று, 'கான்ட்ராஸ்ட்' என்ற சொல் குழப்பும். ஃபோன் செட்டிங்கில் அது நிற வேறுபாடு. அதைக் கூட்டினால் படிக்கச் சுலபம். எழுத்துருவில் அது கோட்டின் கன வேறுபாடு; கூடக்கூட சின்ன அளவில் படிக்கக் கஷ்டம்.

கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயரைப் பெரிசா போடோனியில் வைங்க, ஜம்முனு இருக்கும். மண்டப முகவரி, நேரம், ஃபோன் நம்பருக்குச் சீரான கனமுள்ள எழுத்து போதும். மனு, பயோடேட்டா பக்கம் போடோனியே வேண்டாம். சந்தேகமா இருந்தா, அச்செடுத்து ஒரு ஜெராக்ஸ் போட்டு அந்த 'இ'-யைப் பாருங்க.