மண்ணும் வில்லங்கமும்

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர் "மண்ணுல போட்ட காசு பொன்னு"ன்னு முழங்கினார். எந்த மண்ணுன்னு சொல்லலையே!

பெண் பார்க்கப் போனா ஏழு தலைமுறை விசாரிக்கிறோம். மனை பார்க்க வேன்ல ஏத்திப் போய் பிரியாணி போட்டா, ஆயுள் சேமிப்பை அங்கேயே அட்வான்ஸா நீட்டிடறோம்! (சிரிப்பு)

முப்பது வருஷ வில்லங்கச் சான்று வாங்குங்க. அதிலே பத்திரப்பதிவு ஆனது மட்டும்தான் தெரியும். ஆகவே மூலப்பத்திரத்தின் அசலைக் கண்ணால பாருங்க. ஜெராக்ஸை மட்டும் நீட்டினா, அசல் அடமானத்துல இருக்கான்னு கேளுங்க. பட்டா யார் பேர்ல? மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா? பெரிய மனைப்பிரிவுன்னா, 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி பதிவு எண் எங்கே?

தாய்மார்களே, பிரியாணி அரை நாளில் செரிச்சிடும்; வில்லங்கம் பேரப்பிள்ளை காலத்திலும் செரிக்காது!