கல்லீரலைக் கேட்காமல் ஹார்மோன் மாத்திரையா?



மாதவிடாய் நிற்கும் காலத்து ஹார்மோன் சிகிச்சையைப் பற்றி எழுபது தாண்டிய ஆண்பிள்ளை பேசுவதா என்று சிலர் நினைக்கலாம். நான் டாக்டரும் அல்ல. அந்தக் காலத்து பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, பிறகு ஆயுசு முழுக்க அரசாங்க ஃபைல்கள். என்னைப் பேச வைப்பது என் தங்கையின் அனுபவம்.

2006-ல் அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. திடீரென்று உடம்பு பற்றி எரியும், வியர்த்துக் கொட்டும், ராத்திரி தூக்கம் கிடையாது. லேடி டாக்டர் ஈஸ்ட்ரோஜன், ப்ரொஜெஸ்டிரோன் மாத்திரைகள் கொடுத்தார். (கர்ப்பப்பை உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாகக் கொடுப்பதில்லை, உட்சுவரில் கான்சர் வர இடமுண்டு.) நல்ல குணம் தெரிந்தது. மறு வருஷம் டி.பி. என்று வேறொரு டாக்டர் ரிஃபாம்பிசின் ஆரம்பித்தார். மூன்றாவது வாரமே பழைய எரிச்சல் திரும்பிவிட்டது. "வயசானால் இப்படித்தான், மனசை அமைதியாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். நானும் அதையே சொன்னேன். அதுதான் இன்றும் உறுத்துகிறது.

ஆபீஸுக்கு வரும் தபாலெல்லாம் முதலில் தபால் செக்‌ஷனுக்குப் போகுமே, அதுபோல நாம் விழுங்கும் மாத்திரை குடலிலிருந்து முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. அங்குள்ள என்சைம்கள் அதை உருமாற்றுகின்றன. எஸ்ட்ராடையால் மாத்திரையில் சுமார் 5 சதவீதமே மாறாமல் ரத்தத்தில் சேர்கிறது. இந்தக் கழிவையெல்லாம் கணக்கில் வைத்துத்தான் மாத்திரையின் அளவே நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. ரிஃபாம்பிசின், சி.ஒய்.பி. 3ஏ4 என்ற என்சைமைக் கல்லீரலில் பெருகச் செய்கிறது. செக்‌ஷனில் ஆள் கூடினால் ஃபைல் சீக்கிரம் பைசலாகும் அல்லவா? (என் சர்வீஸில் அப்படி நடந்ததில்லை என்பது வேறு விஷயம்.) ஹார்மோன் அப்படித்தான் வேகமாகப் பைசலாகிவிட்டது. வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின், கார்பமாஸபைன் மருந்துகளும் இதையே செய்யும்.

எதிர்த் திசையிலும் விவகாரம் உண்டு. வாய்வழி ஈஸ்ட்ரோஜன் கல்லீரலைத் தூண்டி, ரத்தம் உறையச் செய்யும் புரதங்களைக் கூட்டுகிறது. காலில் ரத்தக்கட்டி ஏற்படும் அபாயம் அதனால் கொஞ்சம் அதிகம். தோலில் தடவும் ஜெல்லோ, ஒட்டும் பேட்சோ கல்லீரலை முதலில் சந்திப்பதில்லை. ஆய்வுகளில் அவற்றால் இந்த அபாயம் கூடியதாகத் தெரியவில்லை. பலரைப் பயமுறுத்திய 2002 அமெரிக்க ஆய்வில் கொடுக்கப்பட்டது வாய்வழி மாத்திரை; பங்கேற்றவர்களின் சராசரி வயதோ 63. நம் வீடுகளில் பலர் தைராக்ஸின் சாப்பிடுகிறார்கள். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை தொடங்கினால் அந்த டோஸையும் கூட்ட வேண்டி வரலாம். சில வாரங்களில் டி.எஸ்.எச். பார்த்துக்கொள்வது நல்லது.

கடைசியில் இரண்டு சீட்டுகளையும் அருகருகே வைத்துப் பார்த்த மூன்றாவது டாக்டர்தான் விஷயத்தைக் கண்டுபிடித்தார். டி.பி. மருந்தை நிறுத்தவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். ஆறு மாதக் கோர்ஸ் முடிந்தது. சில வாரங்களில் அதே பழைய மாத்திரையே வேலை செய்தது.

இப்போது எந்த டாக்டரிடம் போனாலும், சூரணம், லேகியம் உட்பட வீட்டிலுள்ள மருந்தெல்லாம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் அவளோடு போகிறது.