ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவிய கதை



1997-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஓர் அமெரிக்க டாலரின் விலை ஏறத்தாழ இரண்டரை வெள்ளி. 1998 ஜனவரியில் அது 4.88 வெள்ளி வரை போனது. அமெரிக்காவில் படிக்கும் பிள்ளைக்குப் பத்தாயிரம் டாலர் அனுப்ப 25,000 வெள்ளி சேர்த்து வைத்திருந்த பெற்றோர், 48,000 வெள்ளிக்கு மேல் தேட வேண்டியதாயிற்று.

என்ன காரணம்? வெளிநாட்டுக் குறுகிய கால முதலீடு வேகமாக உள்ளே வந்தது. அதைவிட வேகமாக வெளியேறியது. போகிறவர்கள் வெள்ளியை விற்று டாலரை வாங்கினார்கள். வெள்ளி சரிந்தது.

இப்படி நாடு விட்டு நாடு பாயும் மூலதனத்தை 1978-லேயே தம் முனைவர் பட்டத்துக்காக ஆராய்ந்தவர் டான்ஸ்ரீ டாக்டர் ஸெத்தி அக்தார் அஸிஸ். பொருளியல் அறிஞர் உங்கு அஸிஸின் மகள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் பயின்று, அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முனைவரானார். 1985-இல் பேங்க் நெகாராவில் சேர்ந்தார்.

1998 ஆகஸ்டு இறுதியில் கவர்னரும் துணைக் கவர்னரும் பதவி விலகினார்கள். பொறுப்பு இடைக்காலமாக ஸெத்தியிடம் வந்தது. செப்டம்பர் முதல் தேதி மூலதனக் கட்டுப்பாடு அறிவிக்கப்பட்டது. வெளிநாட்டில் இருந்த வெள்ளி ஒரு மாதத்துக்குள் நாடு திரும்ப வேண்டும். பங்குச் சந்தையில் போட்ட அந்நிய முதலீடு 12 மாதங்களுக்கு வெளியேற முடியாது. மறுநாள் ஒரு டாலருக்கு 3.80 வெள்ளி என்று நிர்ணயிக்கப்பட்டது.

முடிவு டாக்டர் மகாதீர் தலைமையிலான அரசாங்கத்துடையது. அதை உலகுக்கு விளக்கி நடைமுறைப்படுத்தும் பொறுப்பு, 20 ஆண்டுகளுக்கு முன் அதே பாடத்தைப் படித்தவரிடம் வந்து சேர்ந்தது.

அது சரியான மருந்துதானா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஐஎம்எஃப் கடனுதவி பெற்ற தாய்லாந்தும் தென்கொரியாவும்கூட மீண்டு வந்தன. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 2000 முதல் 2016 வரை ஸெத்தியே கவர்னர். 2005 ஜூலை 21-இல் 3.80 நிர்ணயம் நீக்கப்பட்டபோதும் அவரே பொறுப்பில் இருந்தார். கதவை அடைத்த நாளில் இருந்தவர், திறந்த நாளிலும் இருந்தார்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். உங்கள் மகளோ மகனோ, 'இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்யப் போகிறேன்' என்று சொன்னால், 'இதற்கு என்ன வேலை கிடைக்கும்?' என்று உடனே கேட்டுவிடாதீர்கள். எந்தப் படிப்பு என்றைக்கு நாட்டுக்குத் தேவைப்படும் என்று யார் கண்டார்?