என்ஜினுக்கு எந்த எண்ணெய்?



பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவர்க்கு, வீட்டு வாடகைக்கு அடுத்தபடியாகக் கவலை தருவது வண்டிச் செலவுதான். பெங்களூரு விவேக் நகரில் குழந்தை இயேசு ஆலயத்திற்குச் சற்றுத் தொலைவில் நாம் குடியிருக்கிறோம். காலை வேளையில் எங்கள் தெரு முனையில் நின்றால், கோரமங்கலாவுக்கும் ஒசூர்ச் சாலைக்கும் விரையும் மோட்டார் சைக்கிள்களைக் காணலாம். அவற்றில் பலவற்றின் மீது தமிழ்ப் பேச்சே கேட்கும்.

அப்படி விரைகின்றவருள் ஒருவர் தருமபுரிப் பக்கத்து இளைஞர். வீடு வீடாக உணவு கொண்டு சேர்ப்பது அவர் தொழில். வண்டி ஓடினால் வருமானம். வண்டி நின்றால் ஊரில் உள்ள பெற்றோருக்குப் பணம் போகாது. சில வாரங்களுக்கு முன் அவர் நம்மிடம் ஓர் ஐயத்தோடு வந்தார். விலை உயர்ந்த செயற்கை எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும், மலிவானதை ஊற்றினால் என்ஜின் ஓராண்டுகூடத் தாங்காது என்று கடைக்காரர் ஒருவர் சொல்லிவிட்டாராம். அவ்வளவு பணம் கையில் இல்லாமையால், பழைய எண்ணெயை மாற்றாமலே இரண்டு மாதம் ஓட்டியிருக்கிறார். “சார், நீங்க படிச்சவங்க. அவ்வளவு விலை கொடுத்துத்தான் ஆகணுமா?” என்று கேட்டார்.

நாம் படித்தது கலைப் படிப்பு. செய்வது மத்திய அரசில் மொழிபெயர்ப்பு வேலை. இயந்திரங்களைப் பற்றிய குறிப்புகளைத் தமிழாக்கியதுண்டு. ‘பாகுத்தன்மை’ என்ற சொல்லை நூறு முறை எழுதியிருப்போம். அதன் பொருளை ஒரு முறையும் எண்ணிப் பார்த்ததில்லை. இளைஞரின் கேள்விக்கு விடை தேடியபோதுதான் அச்சொல்லின் அருமை விளங்கிற்று.

அதிரசத்திற்குப் பாகு காய்ச்சும் தாய்மாரை நினைத்துப் பாருங்கள். சூடாக இருக்கும்போது நீர்போல் ஓடும் வெல்லப் பாகு, ஆறினால் இறுகுகிறது. எண்ணெயின் இயல்பும் அதுவே. குளிரில் இறுகிப்போனால், வண்டியைக் கிளப்பும் கணத்தில் என்ஜினின் எல்லாப் பகுதிகளுக்கும் அது ஓடிச் சேராது. சூட்டில் மிகவும் இளகிவிட்டால், உலோகத்தோடு உலோகம் உராயாதபடி காக்கும் மெல்லிய படலம் அறுந்துபோகும். புட்டியின் மேல் ‘10 டபிள்யூ 30’ என்று எழுதியிருப்பதன் பொருள் இதுதான். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. முன்னே உள்ள எண் குளிரில் எவ்வளவு இளகி ஓடும் என்பதையும், பின்னே உள்ள எண் 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதையும் சொல்லும். பெங்களூரின் மார்கழிக் குளிர் இதற்கு ஒரு பொருட்டே அன்று. 10 டபிள்யூ எண்ணெயை மைனஸ் 25 டிகிரியில் வைத்துச் சோதிக்கிறார்கள்.

எண்ணெய் வழுவழுப்பைத் தருவதோடு நிற்பதில்லை. சூட்டை ஏந்திச் செல்கிறது, கரியையும் அழுக்கையும் தன்னுள் வாங்கிக்கொள்கிறது, துருவைத் தடுக்கிறது. இவ்வேலைகளில் பலவற்றைச் செய்வன, அடிப்படை எண்ணெயோடு கலந்துள்ள சேர்க்கைப் பொருள்கள். நாள்பட நாள்பட அவை செலவழிந்துபோகின்றன. எண்ணெயை மாற்ற வேண்டியிருப்பதற்கு இது முதன்மையான காரணம்.

ஒரு காலத்தில் நம் ஊர் ஆமணக்கெண்ணெயே இந்த வேலையைச் செய்தது. முதல் உலகப் போரில் பறந்த விமானங்கள் பலவற்றின் சுழல் என்ஜின்களுக்கு அதைத்தான் ஊற்றினார்கள். காஸ்ட்ரால் என்ற வணிகப் பெயர் 1909இல் ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்தது. இது வரலாற்றுச் செய்தியே அன்றி, எந்தச் சரக்கையும் நாம் பரிந்துரைக்கவில்லை. ஆமணக்கெண்ணெய் நாளடைவில் பிசினாகிவிடும். ஆகவே கச்சா எண்ணெயிலிருந்து எடுக்கும் கனிம எண்ணெய் அதன் இடத்தைப் பிடித்தது. 1969இல் இயங்கத் தொடங்கிய சென்னை மணலி சுத்திகரிப்பாலையும் இத்தகைய அடிப்படை எண்ணெய்களை ஆக்கி வந்துள்ளது.

செயற்கை எண்ணெய் என்பது வேதியியல் முறையால் மூலக்கூறுகளைப் பெரும்பாலும் ஒரே சீராக அமைத்து ஆக்கியது. அது எளிதில் ஆவியாகாது, சூட்டில் விரைந்து கெடாது, கடுங்குளிரிலும் இறுகாது. விலையோ கனிம எண்ணெயைப்போல் இருமடங்கும் அதற்கு மேலும் போகிறது. அந்த விலைக்கு ஏற்ற பயன் உண்டா?

இதற்கு இரண்டு சோதனைகள் விடை தருகின்றன. அமெரிக்க நுகர்வோர் இதழ் ஒன்று, நியூயார்க் நகரத்து 75 டாக்சிகளில் பல வகை எண்ணெய்களை ஊற்றி, ஒவ்வொன்றையும் 60,000 மைல் ஓடவிட்டு, பிறகு என்ஜின்களைப் பிரித்து அளந்து பார்த்து, 1996இல் முடிவை வெளியிட்டது. உரிய தரமுத்திரை பெற்ற எண்ணெய்களுக்குள் தேய்மானத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் 2017இல் அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கம் ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது, செயற்கை எண்ணெய் சராசரியாக 47 சதவீதம் மேம்பட்டு நின்றது.

இவை ஒன்றையொன்று மறுப்பனபோல் தோன்றினாலும் இரண்டும் மெய்யே. ஆய்வுக்கூடம் எண்ணெயை அதன் எல்லைவரை துரத்திச் சென்று பார்த்தது. டாக்சிகளிலோ, எண்ணெய் அந்த எல்லையை எட்டுமுன்பே ஒழுங்காக மாற்றப்பட்டது. டாக்சி என்ஜின் நாள் முழுவதும் சூடாகவே ஓடும் என்பதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும். ஆக, டர்போ பொருத்திய காருக்கும், மிகுந்த சூட்டில் உழைக்கும் பெரிய என்ஜினுக்கும், கையேடு வேண்டும் என்று சொல்லும் வண்டிக்கும் செயற்கை எண்ணெய் தேவை. சாதாரண வண்டிக்குக் கையேடு சொல்லும் தரத்தில் உள்ள மலிவான எண்ணெயே போதும். ஆனால் அதை நாள் தவறாமல் மாற்ற வேண்டும்.

இந்த இரண்டாம் பகுதியை நாம் பாடுபட்டுக் கற்றுக்கொண்டோம். சில ஆண்டுகளுக்கு முன், நம் பழைய மோட்டார் சைக்கிளுக்கு மிக உயர்ந்த எண்ணெயை வாங்கி ஊற்றினோம். உயர்ந்த எண்ணெய்தானே என்ற செருக்கில், மாற்ற வேண்டிய காலத்தைப்போல் இருமடங்கு காலம் ஓட்டினோம். எண்ணெயின் அளவைக்கூடப் பார்க்கவில்லை. பழைய என்ஜின் எண்ணெயைச் சிறுகச் சிறுக எரித்து வந்தது நமக்குத் தெரியாது. ஒரு நாள் நடுச்சாலையில் என்ஜின் இறுகி நின்றுவிட்டது. அதைத் திறந்த மெக்கானிக் நம் முகத்தைப் பார்த்து, “மலிவு ஆயில் ஊத்தியிருந்தாலும் பரவாயில்லை சார், ஆயிலே இல்லையே!” என்றார். அந்தப் பழுதுக்குக் கொடுத்த தொகையில் பல ஆண்டுகளுக்கு எண்ணெய் வாங்கியிருக்கலாம்.

ஆகவே இளைஞருக்கு நாம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறோம். முதலாவது, வண்டிக் கையேட்டில் உள்ள எண்ணையும் தரக்குறியையும் பாருங்கள். ஏ.பி.ஐ. என்ற எழுத்துகளுக்குப் பின் எஸ்.எல்., எஸ்.என்., எஸ்.பி. என வரும்; இரண்டாம் எழுத்து அகரவரிசையில் பின்னே செல்லச் செல்லத் தரம் புதியது. இரண்டாவது, பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச்சும் பற்சக்கரங்களும் என்ஜினின் எண்ணெயிலேயே நனைகின்றன. அவற்றுக்கு ஜாஸோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற குறி இருத்தல் வேண்டும். காருக்குரிய விலை உயர்ந்த எண்ணெயை ஊற்றினால் கிளட்ச் வழுக்கக்கூடும். இங்கே விலை காப்பாற்றாது. கியர் இல்லாத ஸ்கூட்டர்கள் பலவற்றுக்கு எம்.பி. என்ற குறி. மூன்றாவது, கிலோமீட்டரை மட்டும் எண்ணாதீர்கள். நெரிசலில் நிற்கும்போது கிலோமீட்டர் ஏறுவதில்லை. என்ஜின் மட்டும் உழைத்துக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் கையேடுகள் மாதக் கணக்கும் சொல்கின்றன. இரண்டில் எது முந்துகிறதோ அன்றே மாற்றிவிட வேண்டும். நான்காவது, வாரம் ஒரு முறை எண்ணெயின் அளவைப் பாருங்கள். அதற்குக் காசு வேண்டாம். ஐந்தாவது, போலிச் சரக்கு நடமாடும் காலம் இது. நம்பகமான இடத்தில் முத்திரை உடையாத புட்டியாக வாங்குங்கள். காலிப் புட்டியை மறுபடி நிரப்ப இயலாதபடி வெட்டிவிடுங்கள்.

இளைஞரின் கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. வாங்கிய நாள் முதல் அது இருக்கைக்கு அடியிலேயே கிடந்ததாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, எண்ணெயைப் பற்றிய பக்கத்தை அவருக்குத் தமிழில் எழுதிக் கொடுத்தோம். அவர் வண்டிக்கு வேண்டியது சாதாரணக் கனிம எண்ணெய், ஒரு லிட்டர். மறுநாளே மாற்றினார். நல்ல வேளையாக என்ஜினுக்குப் பெரிய தீங்கு நேரவில்லை.

உயர்ந்ததை வாங்க முடியவில்லையே என்று ஏங்கி, உரியதையும் செய்யாமல் காலம் கடத்துவதே பெரிய நட்டம். உங்கள் வண்டியின் கையேட்டையும் இன்று எடுத்துப் பாருங்கள். படிக்க இயலாவிடில், படித்தவர் ஒருவரிடம் கொடுத்துக் கேளுங்கள். அப்படிக் கேட்டு வருகிறவர்க்குப் படித்தவர்களும் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கட்டும்.