இருட்டுக்கு அஞ்சும் கண்கள்

பால்மரம் வெட்டும் வேலை விடியுமுன்னரே தொடங்குவதை நாம் அறிவோம். பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றி விளக்கோடு நிரைக்குள் நுழைகிறோம். அங்கே ஒருவர் மட்டும் அடிக்கடி வேரில் தடுக்குகிறார், மங்கைத் தட்டிவிடுகிறார். பகலிலோ அவருக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. ‘கவனமில்லாதவர்’ என்கிறோம். அவரும் தம் குறையை வெளியே சொல்வதில்லை.

இவ்வாறு தொடங்கும் நோய்களுள் ஒன்று விழித்திரை நிறமிச் சிதைவு. மருத்துவர்கள் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்பார்கள். உலகில் ஏறத்தாழ 4,000 பேரில் ஒருவருக்கு இது உண்டு. மங்கிய ஒளியில் பார்க்க உதவும் விழித்திரை அணுக்கள் முதலில் அழிகின்றன. அதனால் இரவுப் பார்வை குறைகிறது. பிறகு பக்கப் பார்வை சுருங்கி, குழாய் வழியே பார்ப்பதுபோல் ஆகிறது. இது பல ஆண்டுகளில் மெல்ல மெல்ல நடப்பது.

மாலைக்கண் எல்லாம் இந்நோய் அல்ல. வைட்டமின் ஏ சத்துக் குறைவால் வருவதைக் குணப்படுத்தலாம். எது என்று மருத்துவரே சொல்லவேண்டும். நாமாக மாத்திரை வாங்கி அளவுக்கு மீறி விழுங்கினால் கல்லீரல் கெடலாம். கருவிலுள்ள குழந்தைக்கும் ஆபத்து.

பார்வை குறைவதைவிட, அடுத்து என்னவாகும் என்ற அச்சமே சிலரை அதிகம் வாட்டுகிறது. ஒரு குறைக்குப் பழகுமுன் இன்னும் கொஞ்சம் பார்வை போகிறது. ‘பிள்ளை முகம் நாளைக்குத் தெரியுமா? வேலை நிலைக்குமா?’ என்று மனம் அலைகிறது. உறக்கம் கெடுகிறது, நெஞ்சு படபடக்கிறது. இரவுத் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் வருவதில்லை. நாமோ ‘தலைக்கனம்’ என்று பேசுகிறோம். மறைக்க மறைக்க அச்சம் வளர்கிறது.

இது செய்வினையன்று, தாயின் குற்றமுமன்று. மரபணு வழியாக வருவது. பெற்றோர் இருவருக்கும் பார்வை நன்றாக இருந்தும் பிள்ளைக்கு வரலாம். நெருங்கிய உறவில் மணம் செய்தால் சில வகைகளுக்கு வாய்ப்புக் கூடும். ஆகவே குடும்பத்தார் அனைவரும் கண்ணைக் காட்டிக்கொள்வது நல்லது.

முதலில் அரசாங்கச் சுகாதார நிலையத்துக்குச் செல்வோம். தேவையானால் ஜொகூர் பாருவின் சுல்தானா அமினா போன்ற மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். கண்ணைப் பற்றிச் சொல்லும்போது மனத்தின் அச்சத்தையும் சொல்லவேண்டும்; அதற்கும் மருத்துவம் உண்டு. சமூக நல இலாகாவில் பதிந்து மாற்றுத்திறனாளி அட்டை பெறலாம். 1951இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் வெண்கோல் பிடித்து நடக்கவும் தொழில் செய்யவும் பயிற்சி அளிக்கிறது.

2017இல் அமெரிக்கா ஒரு மரபணுச் சிகிச்சைக்கு அனுமதி வழங்கியது. அது ஒரேயொரு மரபணுக் கோளாறுக்கு மட்டுமே உரியது. எனவே ‘முற்றும் குணமாக்குவோம்’ என்று பணம் கேட்பவரிடம் ஏமாறாதிருப்போம்.

வீட்டில் நாம் செய்யக்கூடியவையும் உண்டு. படியின் ஓரத்தில் வெள்ளைச் சாயம் பூசுவோம். வாளியையும் நாற்காலியையும் நடைவழியில் வைக்காதிருப்போம். இருட்டில் எதிரே வந்தால் ‘நான்தான் அண்ணே’ என்று குரல் கொடுப்போம். ‘கையைப் பிடிக்கட்டுமா?’ என்று கேட்டுவிட்டுப் பிடிப்போம்.

தடுக்கி விழுந்தவரைப் பார்த்துச் சிரிக்காமல், ‘இருட்டில் சரியாகத் தெரியவில்லையா?’ என்று அன்போடு கேட்போம். அவர் வாய்திறந்து சொல்லும் அன்றே அச்சத்தின் பாதிப் பாரம் இறங்கும்.