தாயின் ஐயமும் தாய்ப்பாலும்

பெங்களூரில் கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட்டுக்கு அருகே, பழைய கோட்டையை ஒட்டி, வாணி விலாஸ் மருத்துவமனை இருக்கிறது. மைசூர் அரசின் பொறுப்பைச் சில ஆண்டுகள் தாங்கி நின்ற மகாராணியின் பெயர் பூண்ட அந்த நிலையம், 1935ஆம் ஆண்டு முதல் தாய்மாருக்கும் சேய்களுக்கும் பணி செய்து வருகிறது. அத்தகைய பிரசவ விடுதி ஒன்றில் சிறிது நேரம் நின்றால் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது ஆகிய மொழிகள் கலந்து காதில் விழும். நாம் பால் என்பதைக் கன்னடத்தார் ஹாலு என்பர். பழங்கன்னடத்தின் பகரம் பிற்காலத்தில் ஹகரமாகத் திரிந்ததே அன்றிச் சொல் ஒன்றுதான். அச்சொல்லை ஒட்டிப் பிறக்கும் கவலையும் எல்லா மொழியிலும் ஒன்றாகவே இருக்கிறது: "எனக்குப் பால் போதவில்லை."

இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியே இன்று நேயர்களிடம் பேச விரும்புகிறேன்.

பிரசவித்த முதல் நாளில் சுரப்பது சீம்பால். மஞ்சள் நிறமும் சற்றே பிசுபிசுப்பும் உடையது. அளவில் மிகக் குறைவு. நாள் முழுவதும் சேர்த்தாலும் சில கரண்டிகளே தேறும். பிறந்த சிசுவின் சின்னஞ்சிறு வயிற்றுக்கு அதுவே போதும். வெண்ணிறப் பால் பெருகி வருவது பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில். இந்த இடைவேளையில்தான் விபரீதம் நேர்கிறது. குழந்தை அழுகிறது. பார்க்க வந்த உறவினர், "ஐயோ பாவம், பட்டினி கிடக்கிறதே!" என்கின்றனர். ஒருவர் சர்க்கரைத் தண்ணீர் என்கிறார். மற்றொருவர் சேனை வைக்கவேண்டும் என்கிறார். மூன்றாமவர் புட்டியும் பால்மாவும் வாங்கிவர ஆளையே அனுப்பிவிடுகிறார். வயிறு நிறைந்த குழந்தை மார்பில் வாய் வைப்பதில்லை. வாய் வையாத மார்பில் பால் பெருகுவதில்லை. அச்சமாகத் தொடங்கியது மூன்றே நாளில் உண்மையாகி விடுகிறது!

இதற்கு உடற்கூற்றில் காரணம் உண்டு. குழந்தை சப்பும்போது தாயின் இரத்தத்தில் புரோலாக்டின், ஆக்ஸிடோசின் என இரு சுரப்புநீர்கள் கலக்கின்றன. முன்னது பாலை உண்டாக்குகிறது. பின்னது உண்டான பாலை வெளியே தள்ளுகிறது. இந்தப் பின்னதுதான் மனத்தின் நிழல்பட்டாலே சுருங்குவது. வலி, வெட்கம், கவலை ஆகியவை அதனைச் சற்று நேரம் தடுத்து நிறுத்தும். ஆகவே "உனக்குப் பால் இல்லை" என்று தாயிடம் சொல்வது வெறும் சொல் அன்று. பாலையே தடுக்கும் செயல்.

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் நூற்றுக்கு 88.6 பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகளோ நூற்றுக்கு 41.8 தான். மருத்துவரும் தாதியும் அருகிலேயே இருந்தும் இந்நிலை!

நாம் அறிவுரை கூறாமலா இருக்கிறோம்? சுவரெங்கும் படங்கள், வாய் நிறைய உபதேசங்கள். "ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கவேண்டும், தெரிந்ததா?" என்று கேட்டால் எந்தத் தாயும் தலையசைப்பாள். வீட்டுக்குப் போய்ப் புட்டியை எடுப்பாள். அதன்பின் குற்றவுணர்ச்சி வேறு அவளை அரிக்கும்.

இங்குதான் வேறொரு முறை துணைக்கு வருகிறது. வில்லியம் மில்லர் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர், மதுப்பழக்கத்தில் சிக்கியோரிடம் பேசிக் கண்ட அனுபவத்தை 1983இல் கட்டுரையாக வெளியிட்டார். பின்னர் ஸ்டீபன் ரோல்னிக் என்பாருடன் சேர்ந்து அதனை விரித்தார். அவர்கள் கண்டது இதுதான்: பிறர் கூறும் காரணங்களைவிடத் தானே தன் வாயால் கூறும் காரணமே மனிதனை அசைக்கும். குடியருக்கு வகுத்த முறையைக் குழந்தை பெற்றவளுக்குச் சொல்வதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். மனம் தடுமாறும் இடம் எதுவாயினும் முறை பொருந்தும் என்பதே என் கருத்து.

ஒரு தாயிடம் ஆலோசகர் இப்படிப் பேசுவதாக வைத்துக்கொள்வோம்.

"பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண்ணினால், உங்களால் பாலூட்ட முடியும் என்னும் நம்பிக்கை எத்தனையில் நிற்கிறது, அம்மா?"

"மூன்று இருக்கும்."

நம்மில் பலர், "ஏன் மூன்றுதான்?" என்று கேட்டுவிடுவோம். அவளும் தன் குறைகளை வரிசையாக அடுக்குவாள். தேர்ந்தவர் அப்படிக் கேட்பதில்லை. "ஒன்று என்று சொல்லாமல் மூன்று என்றீர்களே, ஏன்?" என்பார். அவள் யோசிக்கிறாள். "இரவு ஒருதரம் நன்றாகக் குடித்துவிட்டுத் தூங்கினான். தொண்டையில் விழுங்கும் சத்தம் கேட்டது." "அவன் விழுங்கியதை நீங்களே கவனித்தீர்கள்!" என்று ஆலோசகர் அதையே திருப்பிச் சொல்கிறார். தான் செய்ததை அவள் அப்பொழுதுதான் உணர்கிறாள். அதன்பின், "ஒரு விஷயம் சொல்லலாமா?" என்று அனுமதி பெற்றுக்கொண்டு, குழந்தையின் வாய் காம்பை மட்டுமின்றிச் சுற்றியுள்ள கருவட்டத்தையும் கவ்வவேண்டும் என்பதைக் காட்டிக் கொடுக்கிறார். "நான்காக்க என்ன வேண்டும்?" என்று முடிக்கிறார். "அத்தை கொஞ்சம் சும்மா இருந்தால் போதும்" என்று அவள் சிரிக்கவும் கூடும்!

அந்தச் சிரிப்பில் செய்தி இருக்கிறது. தன் வெற்றி, பிறர் வெற்றியைக் காணல், நம்பத்தக்கவரின் சொல், உடலின் அமைதி ஆகிய நான்கு வழிகளில் தன்னம்பிக்கை பிறக்கிறது என்பது ஆல்பர்ட் பண்டூரா 1977இல் கூறியது. இந்த நான்கில் மூன்றேனும் மாமியார் கையில் இருக்கின்றன. பூண்டுக் குழம்பும் சுறாப் புட்டும் செய்து கொடுக்கும் கை, "பால் வரும், பதறாதே" என்றும் தட்டிக் கொடுக்கலாம் அல்லவா? ஆகவே மாமியாரையும் கணவரையும் வராந்தாவில் நிறுத்திவைத்துத் தாயிடம் மட்டும் பேசுவது பாதி வேலையே.

எல்லாம் மனந்தான் என்று சொல்லிவிடவும் கூடாது. மெய்யாகவே பால் குறைந்த தாய்மார் சிலர் உண்டு. ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு முறையேனும் சிறுநீர் கழியாத குழந்தை, எழுப்பினாலும் எழாமல் சோர்ந்து கிடக்கும் குழந்தை, இரண்டு வாரமாகியும் பிறந்த எடையை எட்டாத குழந்தை ஆகியவற்றை மருத்துவரிடம் உடனே காட்டவேண்டும். அங்கே ஊக்கச் சொல் மட்டும் போதாது. அத்தகைய தாய் வேறு பால் சேர்க்க நேர்ந்தால், அவளைக் குற்றவாளியாக்கும் உரிமை யாருக்கும் இல்லை.

பெங்களூருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. பீனியாவிலும் பொம்மனஹள்ளியிலும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் வேலை செய்யும் பெண்கள் ஏராளம். அவர்களில் தமிழ்ப் பெண்களும் உண்டு. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பாலூட்ட நாளுக்கு இரு இடைவேளைகள் அளித்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் விடுப்பை 26 வாரமாக்கி, ஐம்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. ஆயினும் மேற்பார்வையாளரிடம் போய் இடைவேளை கேட்க வாய் திறப்பதற்கும் ஒரு துணிவு வேண்டுமே! ஆகவே அந்தத் தாயிடம், வேலைக்குத் திரும்பச் சில வாரம் இருக்கும்போதே, அதே கேள்வியை மறுபடியும் கேட்கவேண்டியிருக்கிறது. பாலைப் பீய்ச்சித் தூய பாத்திரத்தில் மூடிவைக்கவும், வீட்டிலிருப்பவர் அதைப் பாலாடையால் புகட்டவும் அன்றைக்கே பழகத் தொடங்கலாம். "வேலைக்குப் போகும் முதல் நாளை நினைத்தால் எந்த எண் தோன்றுகிறது, அம்மா?" என்று கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்லும்வரை காத்திருக்கவேண்டும்.